வீட்டில் இருப்பதே அந்தஸ்தாக இருந்த காலம்

1960 செப்டம்பரில் ஜப்பானின் பட்டத்து இளவரசர் அகிஹிதோவும் மனைவி மிச்சிகோவும் டோக்கியோவின் மேற்குப் புறநகரில் இருக்கும் ஹிபாரிகாவோகா என்ற குடியிருப்பைப் பார்வையிட வந்தார்கள். அரண்மனைக்காரர்கள் வந்து பார்க்க அங்கே என்ன இருந்தது? வீட்டுவசதிக் கழகம் வரிசை வரிசையாகக் கட்டிய மாடி வீடுகள். இரண்டு அறை, சாப்பாட்டு மேசை போட இடமுள்ள ஒரு சமையற்கட்டு, வீட்டுக்குள்ளேயே குளியலறை, கழிவறை. இந்த மாதிரி வீடு கிடைக்கக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். பெயர் விழுந்தவர்களில் பெரும்பாலோர் கம்பெனிகளில் மாதச் சம்பளம் வாங்கிய ஆண்கள். பகல் முழுக்க அந்தக் கட்டடங்களில் இருந்தவர்கள் அவர்களுடைய மனைவிமார்.

அந்தப் பெண்களில் பலருடைய அம்மாக்கள் சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்கள். ஜப்பானிய விவசாயக் குடும்பத்தில் மருமகள் என்றால் எல்லோருக்கும் முன்னால் எழ வேண்டும், எல்லோரும் குளித்து முடித்த பிறகு குளிக்க வேண்டும். கையில் காசு புரளாது. சம்பளக்காரனுக்கு வாழ்க்கைப்படுவது அந்த வாழ்விலிருந்து தப்பிக்கும் வழி. மாப்பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1960 வாக்கில் அங்கே ஒரு வேடிக்கைப் பேச்சு புழங்கியது: வீடு இருக்கணும், கார் இருக்கணும், கிழவி இருக்கக் கூடாது. கிழவி என்றால் மாமியார்.

இதை மறந்துவிட்டு அந்தக் காலத்து இல்லத்தரசிகளைப் பற்றிப் பேசினால் பேச்சு தடம் மாறிவிடும். வீட்டில் இருப்பதை அவர்கள் அடைபட்டுக் கிடப்பதாக நினைக்கவில்லை. அம்மா வயலில் உழைத்தாள், நான் உழைக்க வேண்டியதில்லை என்பது அவர்களுக்கு ஒரு படி ஏற்றம். கணவர் ஒருவர் சம்பளத்தில் குடும்பம் ஓடுகிறது என்பதே ஊருக்குக் காட்டும் அந்தஸ்து. எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள் என்றும் இல்லை. 1955-இல் இஷிகாகி அயாகோ என்ற எழுத்தாளர் ஒரு மகளிர் பத்திரிகையில் இல்லத்தரசி என்பது இரண்டாவது தொழிலாக இருக்கட்டும், முதல் தொழில் வெளியே இருக்கட்டும் என்ற பொருளில் எழுத, வருடக்கணக்கில் வாதம் நடந்தது. ஆனால் வாதம் பத்திரிகையில்தான். குடியிருப்புகளில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சம்பளக் கவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சம்பள நாள் வந்தால் கணவர் கவரைப் பிரிக்காமல் மனைவி கையில் கொடுப்பார். அவள் எண்ணிப் பார்த்து, வாடகை, அரிசி, பிள்ளைகளின் படிப்பு, சேமிப்பு என்று பிரித்து வைத்துவிட்டு, மிச்சத்தில் அவருக்குக் கைச்செலவுக்குக் கொடுப்பாள். சிகரெட்டும் மாலைநேர பீரும் அதற்குள் அடங்க வேண்டும். வீட்டு வரவு செலவை எழுத அச்சடித்த நோட்டுப் புத்தகம் 1904-லேயே வந்துவிட்டது. அதை வெளியிட்ட ஹானி மோதோகோ பத்திரிகைத் துறையில் நுழைந்த முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவர். அந்த வழக்கம் வேரோடியிருந்ததால் ஜப்பானிய மனைவிக்கு வீட்டுக்குள் இருந்த நிதி அதிகாரம் அன்று பல நாடுகளில் மனைவிமாருக்குக் கிடையாது. பிரான்ஸில் ஒரு மனைவி கணவரின் சம்மதம் இல்லாமல் வங்கிக் கணக்குத் தொடங்கவும் வேலைக்குப் போகவும் 1965 ஜூலையில் வந்த சட்டம்தான் வழிவிட்டது.

1968 டிசம்பரில் டோக்கியோவை அடுத்த ஃபுச்சூவில் தோஷிபா ஊழியர்களின் போனஸ் பணத்தை ஏற்றிச் சென்ற காரை, போலீஸ் வேடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் மடக்கி, கிட்டத்தட்ட 30 கோடி யென்னோடு மறைந்துவிட்டான். இன்றுவரை பிடிபடவில்லை. ரொக்கத்தைக் கவரில் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுக் கம்பெனிகள் வங்கிக்கு மாற அந்தக் கொள்ளையும் ஒரு தூண்டுதல். கவர் போய்ப் பாஸ்புக் வந்தது. பாஸ்புக்கும் மனைவியின் அலமாரிக்குத்தான் போனது.

வீட்டுக்குள் ராஜ்யம் அவளுடையது. வெளியே அவளுடைய இடம் என்ன? கம்பெனி கட்டிக்கொடுத்த குடியிருப்புகளில் அது பச்சையாகத் தெரிந்தது. பிரிவுத் தலைவரின் மனைவி வந்தால் கீழ்நிலை ஊழியரின் மனைவி முதலில் குனிந்து வணங்குவாள். மேலதிகாரி வீடு மாற்றினால் சாமான் கட்டப் போவாள். அவள் படித்த படிப்பும் அவளுடைய சாமர்த்தியமும் அங்கே செல்லாது. கணவரின் பதவி எதுவோ அதுதான் அவள் பதவி. நெய்வேலியிலோ ரயில்வே காலனியிலோ குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1979-இல் ஜப்பான் அரசு ஒரு கருத்துக் கணிப்பில் “கணவன் வெளியே உழைக்க வேண்டும், மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்ற வாசகத்தைப் படித்துக் காட்டியபோது நூற்றுக்கு 70 பேருக்கு மேல் ஆம் என்றார்கள். பெண்களிலும் ஏறக்குறைய அதே அளவு. நீங்கள் எந்த வகுப்பு என்று கேட்டால் அந்தக் காலத்தில் பத்தில் ஒன்பது பேர் ‘நடுத்தரம்’ என்றார்கள். இந்த இரண்டு பதில்களும் ஒட்டிப் பிறந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. மனைவி வீட்டில் இருந்ததும் நடுத்தரம் என்பதற்கு ஒரு அத்தாட்சி.

மனைவியைக் கணவரின் படியிலேயே நிறுத்தியது குடியிருப்பு மட்டுமா? அறிஞர்களும் அதையேதான் செய்தார்கள். பிரிட்டனில் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டித் தொழிலை வைத்துச் சமூக வகுப்புகளைப் பிரித்தபோது, மணமான பெண்ணுக்குக் கணவரின் தொழிலே அளவுகோல். அது பல பத்தாண்டுகள் நிலைத்தது. 1973-இல் அமெரிக்காவில் ஜோன் ஏக்கர் இது என்ன கணக்கு என்று கேட்டார். 1983-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் கோல்ட்தோர்ப், பழைய கணக்கே சரி, குடும்பத்தின் விதியை நிர்ணயிப்பது கணவரின் வேலைதான் என்று வாதாடினார். பெண்ணியர்கள் அவரைச் சும்மா விடவில்லை. ஆனால் 1994-இல் ஜனீன் பாக்ஸ்டர் அமெரிக்கா, ஸ்வீடன், நார்வே, ஆஸ்திரேலியா நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தங்கள் வகுப்பு எது என்று மனைவிமார் சொன்ன பதிலில் அவர்களுடைய சொந்த வேலையைவிடக் கணவரின் வேலைக்கே எடை அதிகம் இருந்தது. வேலைக்குப் போன மனைவிக்கும் மனத்துக்குள் ஏணி கணவருடையதாகவே இருந்தது.

பிரிட்டனின் வருமான வரித் துறையும் அப்படித்தான் எண்ணியது. மனைவியின் வருமானம் சட்டப்படி கணவரின் வருமானம். அவள் சம்பாதித்ததையும் அவர்தான் படிவத்தில் காட்ட வேண்டும். மார்கரெட் தாட்சர் 11 வருடங்கள் பிரதமராக இருந்த நாட்டில் மணமான பெண்ணுக்குத் தனி வரிக் கணக்கு வந்தது 1990 ஏப்ரலில்!

இந்த வரி சமாச்சாரம் சில்லறை விஷயம்போலத் தெரியும். என் கணிப்பில் மனைவிமாரின் கருத்து மாற்றத்துக்குச் சொற்பொழிவுகளைவிட அது செய்தது அதிகம். ஸ்வீடனைப் பாருங்கள். 1950-களின் ஸ்வீடன் இல்லத்தரசிகளின் நாடுதான். கணவன், மனைவி வருமானத்தைக் கூட்டி வரி போட்டார்கள். வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறும் என்பதால், மனைவி சம்பாதிக்கும் முதல் குரோனருக்கே கணவரின் உச்ச விகிதத்தில் வரி. நல்ல சம்பளக்காரரின் மனைவி வேலைக்குப் போனால் பாதிக்கு மேல் வரிக்கே போகும். அப்புறம் யார் போவார்கள்? வசதியான வீட்டுப் பெண்ணை வீட்டிலேயே வைத்திருந்ததில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. 1961-இல் ஈவா மொபெரி என்ற பத்திரிகையாளர், பெண்ணுக்குக் கிடைத்திருப்பது நிபந்தனையோடு கூடிய விடுதலை என்று எழுதி ஒரு பெரிய விவாதத்தைக் கிளப்பினார். ஆணும் பெண்ணும் வேலை, வீடு இரண்டையும் பகிர வேண்டும் என்பது அவர் கட்சி. பத்து வருடம் கழித்து, 1971-இல், தனித்தனி வரி வந்தது. இல்லத்தரசிகள் எதிர்த்தார்கள், கையெழுத்துத் திரட்டினார்கள். அவர்கள் கோபம் நியாயமானது: நேற்றுவரை மரியாதையாக இருந்த வாழ்க்கையை அரசாங்கம் ஒரே சட்டத்தில் நஷ்டக் கணக்காக்கிவிட்டது. 1974-இல் பிள்ளை பெற்ற பிறகான விடுப்பைத் தகப்பனும் எடுக்கலாம் என்று உலகிலேயே முதலில் சட்டம் செய்ததும் ஸ்வீடன்தான். ஊராட்சிகள் குழந்தைக் காப்பகங்களைக் கட்டித் தள்ளின. ஒரு தலைமுறைக்குள் முழுநேர இல்லத்தரசி அங்கே அபூர்வமாகிவிட்டாள்.

ஒரே மக்கள், ஒரே மொழி, இரண்டு சட்டம் என்றால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனி இருக்கிறது. மேற்கு ஜெர்மனியில் 1977 ஜூன் முடியும்வரை, திருமணக் கடமைக்கும் குடும்பக் கடமைக்கும் இடைஞ்சல் இல்லாத அளவுக்கே மனைவி வேலைக்குப் போகலாம் என்று சிவில் சட்டம் சொன்னது. 1958-இல் வந்த தம்பதி வரி முறை ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டுக்குச் சலுகை தந்தது. இன்றும் தருகிறது. கிழக்கில் பெண்கள் வேலைக்கு வர வேண்டும் என்பதே அரசின் எதிர்பார்ப்பு. 1989-இல் அங்கே மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 80 பேர் காப்பகத்தில் இருந்தார்கள். மேற்கில் அது 3-ஐத் தாண்டவில்லை. பெர்லின் சுவர் விழுந்த பிறகு இரு பகுதியிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: தாய் வேலைக்குப் போனால் சின்னக் குழந்தை கஷ்டப்படுமா? மேற்கில் பெரும்பாலோர் ஆம் என்றார்கள், கிழக்கில் அந்தக் கவலை வெகுவாகக் குறைவு.

கிழக்கைச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே மணமான பெண் ஊழியருக்கு மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு ‘வீட்டு வேலை நாள்’ விடுப்பு. அந்த ஒரு நாளிலேயே எல்லாம் வெளிச்சம். தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினாலும் வீட்டில் துவைப்பது யார் என்பதில் ஆளும் கட்சிக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

இனி இன்றைய ஜப்பானுக்கு வருவோம். 1980-இல் மனைவி வீட்டில் இருக்கும் சம்பளக்காரக் குடும்பங்கள் அங்கே சுமார் 1.1 கோடி, இருவரும் சம்பாதிக்கும் குடும்பங்கள் 61 லட்சம். 1990-களில் இரண்டும் சமமாகிப் பின் தலைகீழானது. 2022-இல் இருவர் சம்பளக் குடும்பங்கள் ஏறத்தாழ 1.26 கோடி, மற்றவை 54 லட்சம். “கணவன் வெளியே, மனைவி வீட்டில்” என்ற பழைய வாசகத்துக்கு ஆம் என்றவர்கள் 2019-இல் 35 சதவீதம். இறங்குமுகம் ஒரே சீராக இருந்ததாக நினைக்க வேண்டாம். 2012-இல் அது திடீரென்று பாதிக்கு மேலே ஏறியிருந்தது. பொருளாதார நெருக்கடியும் 2011-இன் நிலநடுக்கமும் சேர்ந்து மக்களை வீட்டுப் பக்கம் திருப்பின என்று காரணம் சொன்னார்கள். இருக்கலாம். வேலைச் சந்தை கசக்கும்போது வீடு இனிப்பாகத் தெரிவது இயல்பு.

மணமாகாதவர்களைக் கேட்டால் மாற்றம் இன்னும் கூர்மை. முழுநேர இல்லத்தரசியாக இருப்பதே என் ஆசை என்ற பெண்கள் 1987-இல் மூன்றில் ஒருவர், 2021-இல் ஏழில் ஒருவர். வருங்கால மனைவி வீட்டோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்த ஆண்கள் 1987-இல் 38 சதவீதம், 2021-இல் 7 சதவீதம்கூட இல்லை. ஆண்கள் திடீரென்று முற்போக்காகிவிட்டார்கள் என்று மகிழலாம். ஒரு சம்பளத்தில் டோக்கியோவில் வீடு வாங்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்றும் வாசிக்கலாம். நான் இரண்டாவது கட்சி.

வேலைக்குப் போகிறார்கள், சரி. என்ன வேலை? ஜப்பானில் வேலை செய்யும் பெண்களில் பாதிக்கு மேல் நிரந்தர ஊழியர்கள் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுவார்கள், சாப்பாட்டுப் பெட்டி அடைப்பார்கள். இவர்களில் பலருக்கு ஆண்டு வருமானத்தில் தாண்டக் கூடாத கோடுகள் உண்டு. 2024 வரை 10.3 லட்சம் யென்னைத் தாண்டினால் வருமான வரி வந்தது, கணவரின் கம்பெனி தரும் குடும்பப் படியும் பல இடங்களில் நின்றது. 13 லட்சத்தைத் தாண்டினால் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் தானே சந்தா கட்ட வேண்டும். அதனால் டிசம்பர் வந்தால், கடையில் புத்தாண்டுக் கூட்டம் அலைமோதும் நேரத்தில், இந்தப் பெண்கள் கணக்குப் பார்த்துத் தங்கள் நேரத்தைக் குறைத்துக்கொள்வார்கள். மேலாளர் தலையில் கை வைத்து உட்காருவார். பல பத்தாண்டுகளாக நடந்த கூத்து இது. முதல் கோட்டை 2025-இல்தான் உயர்த்தினார்கள்.

1986-இல் தொடங்கிய ஓய்வூதிய முறையில் இன்னொரு வேடிக்கை. கணவர் கம்பெனி ஊழியரானால், அவரை நம்பியிருக்கும் மனைவிக்குச் சந்தா கட்டாமலே ஓய்வூதிய உரிமை. கணவர் காய்கறிக்கடைக்காரரோ விவசாயியோ என்றால் அதே மனைவி தன் பங்கைத் தானே கட்ட வேண்டும். கடையில் நாள் முழுக்க நின்று உழைப்பவள் கட்டுகிறாள், அதிகாரியின் மனைவி கட்டுவதில்லை. கணவரின் படிதான் மனைவியின் படி என்ற பழைய வழக்கத்தை அரசாங்கமே சட்டமாக எழுதிவைத்தது.

ஆனால் அந்தப் படியின் மதிப்புதான் இப்போது குழம்பிவிட்டது. முன்பு வீட்டில் இருக்கும் மனைவி என்றால் வசதியான வீடு என்று பொருள். 2019-இல் சோ யென்ஃபெய் என்ற ஆய்வாளர் ‘வறிய இல்லத்தரசி’ பற்றி ஒரு புத்தகமே எழுதினார். காப்பகத்தில் இடமில்லை, உடம்பு சரியில்லை, கிடைக்கும் வேலை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவுக்கே காணாது என்று வீட்டில் இருக்கும் பெண்கள் இவர்கள். மறுபுறம் இருவரும் பெரிய கம்பெனியில் நிரந்தர வேலை பார்க்கும் தம்பதிகள் டோக்கியோ நடுவில் வானளாவிய அடுக்ககங்களில் வீடு வாங்குகிறார்கள். படித்தவர் படித்தவரைக் கட்டுகிறார், சம்பளம் சம்பளத்தோடு சேர்கிறது. அமெரிக்காவிலும் இதே போக்குதான். 1972-இல் அங்கே 20 தம்பதிகளில் ஒன்றில்தான் மனைவி கணவரைவிடத் தெளிவாக அதிகம் சம்பாதித்தார். 2022-இல் ஆறில் ஒன்று. மனைவியின் சம்பளம் குடும்பத்தின் வகுப்பையே தீர்மானிக்கும் காலம் வந்துவிட்டதால் கோல்ட்தோர்ப்பின் கணக்கு இன்று செல்லாது.

வீட்டு வேலை? பிரிட்டனில் “சம்பாதிப்பது ஆண் வேலை, வீடு பெண் வேலை” என்பதற்கு 1987-இல் 48 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 2022-இல் 9 சதவீதம். அதே ஆய்வில், நியாயமான பங்குக்கு மேல் வீட்டு வேலை பார்க்கிறேன் என்ற பெண்கள் 60 சதவீதத்துக்கு மேல். ஜப்பானில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் 2021 கணக்குப்படி வீட்டுக்கும் பிள்ளைக்கும் மனைவி ஒரு நாளில் செலவிடுவது 7 மணி 28 நிமிடம், கணவர் 1 மணி 54 நிமிடம். பிள்ளை வளர்ப்பு விடுப்பு எடுக்கும் தகப்பன்மார் 2024-இல் 40 சதவீதமாக உயர்ந்திருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் அது பத்துக்கும் கீழே இருந்ததால் பெரிய பாய்ச்சல்தான். சில நாள் விடுப்பும் இதில் சேர்த்தி.

கணவர் செய்யவில்லை, மனைவிக்கு நேரமில்லை என்றால் பணம் உள்ள வீட்டுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. சமத்துவத்தின் தாய்வீடான ஸ்வீடனிலேயே 2007-இல் வீட்டைப் பெருக்கித் துடைக்க ஆள் வைத்தால் கூலியில் பாதியை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. 1990-களிலேயே இந்த யோசனை எழுந்தபோது, வேலைக்காரி வைக்கும் காலம் திரும்புகிறதா என்று ஸ்வீடனில் பெரிய சண்டை. சலுகையை அதிகம் பயன்படுத்துவது வசதியான வீடுகள்தான். துடைக்க வருபவர்களில் போலந்துப் பெண்களும் மற்ற நாடுகளிலிருந்து குடியேறியவர்களும் நிறைய. கணவனுக்கும் மனைவிக்கும் இடையே இருந்த பேரம் இப்போது ஒரு மனைவிக்கும் இன்னொரு மனைவிக்கும் இடையே நடக்கிறது.

ஸ்டாக்ஹோமில் ஓரளவு சட்டக் காவலோடு நடக்கும் இந்த பேரம், வளைகுடாவில் அது இல்லாமல் நடக்கிறது. குவைத், சவூதி வீடுகளுக்கு இலங்கையிலிருந்து பணிப்பெண்களாகப் போகிறவர்களில் மலையகத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்களும் உண்டு. கணவரும் பிள்ளைகளும் லயன் வீட்டில். அவள் அனுப்பும் பணத்தில்தான் குடும்பம் நடக்கிறது. சம்பாதிப்பவர் ஆண், வீடு பெண்ணுடையது என்ற வாசகத்தை இவள் எப்போதோ கிழித்துப் போட்டுவிட்டாள். யாரும் அவளிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. 2013-இல் இலங்கை அரசு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தாய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகக் கூடாது என்றும், மற்றவர்களும் குடும்பப் பின்னணி அறிக்கை வாங்க வேண்டும் என்றும் விதி போட்டது. பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பது அதில் கேள்வி. அப்பாக்களுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. ஒரே காலத்தில் ஒரு நாடு தன் மனைவிமாரைப் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு வேலைக்கு வா என்கிறது, இன்னொரு நாடு பிள்ளையைப் பார், போகாதே என்கிறது. முதலாவது படித்த பெண்ணுக்கு, இரண்டாவது தோட்டத்துப் பெண்ணுக்கு. 2022-இல் டாலர் இல்லாமல் இலங்கை திண்டாடியபோது அந்த விதிகளைத் தளர்த்தினார்கள். பிள்ளைகளின் வயதோ தேவையோ மாறியிருக்கவில்லை.